சுவரா, ஆளா, பிள்ளைகள் கையில் கேமராவா?

எங்கள் சந்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பாலக்காட்டுக் கோட்டையிலிருந்து நடந்தே போகலாம். பெருமழையில் புழைத் தண்ணீர், அதாவது ஆற்றுத் தண்ணீர், எட்டிப் பார்க்கும் தாழ்ந்த இடம். வீட்டுக்குள் தமிழ், கடைப்பலகையில் மலையாளம். இந்த அடையாளம் போதும். அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் இடத்தின் பெயரைப் போடக் கூடாது என்று மூன்று பேரும் முடிவு செய்திருக்கிறோம். ஆறு மாதம் பேசியதில் சண்டையில்லாமல் முடிவான ஒரே விஷயம் அதுதான்.

மூன்று பேர் என்றால், வலியங்காடிப் பக்கம் டி.டி.பி., போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கும் நான். தமிழ் மீடியம் பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். அந்தச் சந்திலேயே பிறந்து, இப்போது ஆட்டோ ஓட்டும் ராவுத்தர் வீட்டுத் தம்பி. சந்தில் வீடுகள் மாறிக்கொண்டிருக்கின்றன. கேரள அரசின் லைஃப் திட்டத்தில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் தவணை தவணையாக வருகிறது. ஒரு வீட்டில் ஓடு இறங்கும்போது அடுத்த வீட்டில் கம்பி கட்டுகிறார்கள். தவணை தாமதமான வீடு தார்ப்பாய்க்குள் காத்திருக்கிறது. பத்து வருஷம் போனால் நாங்கள் பார்த்த சந்து இருக்காது. அது இருக்கக் கூடாது என்பதுதான் அங்கே வாழ்கிறவர்களின் ஆசையும். அதனால் இது பழசை நினைத்து உருகுகிற வேலை இல்லை. எப்படி இருந்தது, எந்த வரிசையில் மாறியது, யார் மிஞ்சினார்கள் என்று எடுத்து வைக்கும் வேலை.

சரி, எடுக்கலாம். எப்படி எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. நான் சுவர்க் கட்சி, டீச்சர் ஆள் கட்சி, தம்பி பிள்ளைகள் கட்சி.

என் கட்சிக்கு உலகத்தில் பெரிய முன்னோடி ஒருவர் உண்டு. கமிலோ ஹோசே வெர்காரா. 1944இல் சிலி நாட்டில் பிறந்து, அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், சமூகவியல் படித்தவர். 1970களிலிருந்து நியூயார்க்கின் ஹார்லெம், நியூஜெர்சியின் கேம்டன், டெட்ராய்ட், சிகாகோ என்று ஏழைகள் வாழும் பகுதிகளுக்குத் திரும்பத் திரும்பப் போனார். முன்பு நின்ற இடத்திலேயே நின்று, எடுத்த கட்டடத்தையே மறுபடியும் எடுத்தார். ஹார்லெமின் 125ஆம் தெருவில் ஒரு கடை முகப்பை 1977இல் எடுக்க ஆரம்பித்தார். இரவு விடுதியாக இருந்த இடம் மீன் வறுவல் கடையானது, பிறகு சில்லறைக் கடை, மெத்தைக் கடை, பின்னால் ஒரு சபையின் ஜெபக்கூடம். படங்களை வரிசையாக வைத்தால் அந்தத் தெருவுக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள், காசு எந்தப் பக்கம் ஓடியது என்பதெல்லாம் ஒரு வரி எழுத்தில்லாமலே தெரிந்துவிடும். 2002இல் அவருக்கு மெக்கார்தர் நல்கை கிடைத்தது. அமெரிக்க அரசின் தேசிய மானுடக் கல்விப் பதக்கத்தைப் பெற்ற முதல் புகைப்படக்காரரும் அவர்தான்.

என்னிடமும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது, தற்செயலாக. 2011இல் புதிதாக வாங்கிய நைக்கானைச் சோதித்துப் பார்க்க, சந்து முனையில் இருந்த மாவு மில்லை எடுத்தேன். அப்புறம் அந்த வழியாகப் போகும்போது அவ்வப்போது எடுப்பது பழக்கமாகிவிட்டது. முதல் படத்தில் நெற்றிச் சுவரில் நீலப் பெயின்டில் தமிழ் எழுத்து: ‘அரிசி, மிளகாய், மல்லி அரைத்துத் தரப்படும்’. 2014இல் மில் போய் ரீசார்ஜ் கடை. தமிழின் மேல் ஒரு கோட் சுண்ணாம்பு, சுண்ணாம்பின் மேல் மலையாளம். ஆனால் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது அடியிலிருந்து ‘மல்லி’ மட்டும் எட்டிப் பார்க்கும். 2018 ஆகஸ்டில் மலம்புழா அணையைத் திறந்து கல்பாத்திப் புழை கரையேறியபோது, ஷட்டரிலும் சுவரிலும் இடுப்பளவுக்கு ஒரு சேற்றுக் கோடு விழுந்தது. 2020இல் ஷட்டர் மூடியிருக்கிறது, முன்னால் ஸ்டூலில் ஒரு பக்கெட்டும் சோப்பும். 2022இல் லாட்டரிக் கடை. 2024 நவம்பர் படத்தில் பக்கச் சுவர் முழுக்கத் தேர்தல். கல்பாத்தித் தேர்த்திருவிழாவுக்காக வாக்குப்பதிவை 13ஆம் தேதியிலிருந்து 20ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தார்களே, அந்தப் பாலக்காட்டுச் சட்டமன்ற இடைத்தேர்தல். அது முடிந்து ஒரு மாதத்துக்குள், அடுத்த தேர்தலுக்கு அப்போதே வெள்ளையடித்து, கட்சிப் பெயரோடு ‘புக்டு’ என்று எழுதிப் பிடித்துவைத்துவிட்டார்கள். சேற்றுக் கோடு மட்டும் வெள்ளை எட்டாத ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு இன்னமும் இருக்கிறது.

இதில் எந்தப் படத்தையும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒரு ஷட்டர், ஒரு பக்கெட். யாரும் லைக் போட மாட்டார்கள். வரிசையில் வைத்தால்தான் அது பேசும். சுவர் வழியின் பலமும் இதுதான். எடுக்கிறவன் கலைஞனாக இருக்க வேண்டாம், ஒழுங்காகத் திரும்பி வந்தால் போதும். யாரையும் நிறுத்திவைத்து ‘இப்படிப் பாருங்க’ என்று சொல்ல வேண்டியதில்லை. கணக்கும் கைக்குள் அடங்குகிறது. 12 இடம், வருஷத்துக்கு 4 முறை, 10 வருஷம் என்றால் மொத்தம் 480 படம். ஒரு படம் 5 எம்பி என்று வைத்தாலும் எல்லாம் சேர்ந்து இரண்டரை ஜிபிகூட வராது. ஒரு சின்ன பென்டிரைவில் சந்தின் பத்து வருஷம்.

ஆனால் திட்டம் இல்லாமல், போகிற போக்கில் எடுத்தால் என்ன தவறிப்போகும் என்பதற்கும் என்னிடமே சாட்சி இருக்கிறது. 2024 ஜூனில், அப்போதைய அமைச்சர் கே. ராதாகிருஷ்ணன் பதவியை விட்டுப் போகும்போது ஓர் உத்தரவு போட்டார். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் இடங்களைக் ‘காலனி’ என்று அழைக்கக் கூடாது, அந்தச் சொல் தாழ்த்துகிறது, ‘நகர்’ போல வேறு பெயர் வைக்க வேண்டும் என்று. எங்கள் சந்தின் பின்பக்கத்துப் பலகையிலும் ‘காலனி’யை அழித்து ‘நகர்’ என்று எழுதினார்கள். நல்ல காரியம். ஆனால் அழிப்பதற்கு முந்தைய பலகையின் படம் யாரிடமும் இல்லை. என்னிடமும் இல்லை. வருஷக்கணக்காக அதைக் கடந்துதான் கடைக்குப் போய்வந்தேன்.

சுவர் வழிக்கு எதிராக டீச்சர் சொல்வதையும் சொல்லிவிட வேண்டும். “சுவரு பாவம், எதிர்த்துப் பேசாது. அதனாலதாண்ணா உங்களுக்கு அதைப் புடிச்சிருக்கு” என்றார் ஒரு நாள். பேச்சு வராமல் உட்கார்ந்திருந்தேன். வெர்காராவுக்கும் இந்தக் குற்றச்சாட்டு வந்தது. டெட்ராய்ட் நகரின் நடுவில் காலியாகிக் கிடந்த பழைய வானளாவிகளை இடிக்காமல், அப்படியே ஓர் இடிபாட்டுப் பூங்காவாக விட்டுவைக்கலாம் என்று 1995இல் யோசனை சொன்னார். ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? நாம் பிழைக்கிற ஊரை இன்னொருவர் ஏதென்ஸ் இடிபாடு மாதிரி பார்த்தால் யாருக்குத்தான் பொறுக்கும். சுவரையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வெடிப்பும் பாசியும் அழகாகத் தெரிய ஆரம்பிக்கும். எனக்கும் தெரிய ஆரம்பித்துவிட்டது. ஒரு வீட்டில் புது டைல்ஸ் ஒட்டியபோது ‘அடடா, பழைய சுவர் போச்சே’ என்று மனசுக்குள் ஓடியதை இன்றுவரை டீச்சரிடம் சொல்லவில்லை.

டீச்சரின் முன்னோடி மில்டன் ரோகோவின். கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதித் தருவது அவர் தொழில், ஊர் அமெரிக்காவின் பஃபலோ. 1957இல் கம்யூனிஸ்ட் வேட்டையில் மாட்டி, ஊர்ப் பத்திரிகை பெயரைக் கெடுத்து, தொழில் படுத்துவிட்டது. கிடைத்த நேரத்தில் கேமராவைத் தூக்கினார். 1972 முதல் தன் கடைக்குப் பக்கத்திலேயே, லோயர் வெஸ்ட் சைடு என்னும் ஏழைப் பகுதியில் ஆட்களை எடுத்தார். எப்படி நிற்பது, யாரோடு நிற்பது என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். எடுத்த படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். 1980களில் பழைய படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இவர் இப்போ எங்கே இருக்கார்’ என்று தெருத் தெருவாகக் கேட்டு, அதே ஆட்களை மறுபடி எடுத்தார். 1990களில் மறுபடி. தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு நான்காம் முறை. பெரும்பாலும் மனைவி ஆன் கூடவே இருந்தார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் படத்தில் இடுப்பில் இருக்கும் குழந்தை கடைசிப் படத்தில் தானே ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். 2011இல், 101 வயதில் இறந்தார்.

இந்த வழியின் ருசியை டீச்சர் எனக்குச் சொல்லிக் காட்டவில்லை, செய்து காட்டினார். 2013இல் சந்தின் நடுவீட்டுப் பாட்டியை வாசலில் பேரனோடு எடுத்து, பிரின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். போன வருஷம் டீச்சர் என்னைக் கையோடு கூட்டிப் போனார். பிரின்ட் அங்கேயே இருந்தது. தினசரி காலண்டருக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கும் பிளாஸ்டிக் கவருக்குள். நீலமெல்லாம் வெளுத்து, பாட்டியின் புடவை செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. பாட்டி படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏங்கண்ணு, அன்னைக்கு இவங்க தாத்தாவும் உள்ளதான இருந்தாரு. ஒரு சத்தம் குடுத்திருந்தா வந்து நின்னிருப்பாரு.”

அன்று வாசலில் வெளிச்சம் நன்றாக இருந்தது. அதைத்தான் பார்த்தேன். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. சுவர்க்காரனின் புத்தி அது.

ஆள் வழிக்குச் செலவு அதிகம், காசில் இல்லை. ஒருவரை ஒரு முறை எடுத்தால் அவரிடம் திரும்பிப் போகும் கடன் வந்துவிடுகிறது. போகாவிட்டால் நாமும் ஒரு நாள் வந்து ‘ஏழை முகம்’ அள்ளிப்போகும் ஆசாமிகளில் ஒருவர். ஆட்கள் இடம் மாறுவார்கள், கடனுக்கு ஒளிவார்கள், கல்யாணமாகித் திருப்பூருக்குப் போவார்கள், செத்துப்போவார்கள். ஒரு வீட்டை எடுத்தால் எதிர்வீட்டுக்காரர் ‘எங்களை மட்டும் ஏன் விட்டீங்க’ என்பார். இன்னொன்றும் உண்டு. பொது இடத்தில் நின்று படமெடுக்கத் தடையில்லை என்பார்கள். எங்கள் சந்தில் எது பொது இடம்? ஒற்றை அறை வீட்டுக்கு வாசல்தான் அடுப்படி, திண்ணைதான் படுக்கை, குழாயடிதான் குளியலறை. தெருவில் நின்று எடுத்தாலும் அவர்கள் வீட்டுக்குள் நின்று எடுத்ததாகத்தான் ஆகும். பெரிய வீடு கட்டியவர்களுக்கு இருக்கும் காம்பவுண்டுச் சுவர் இவர்களுக்கு இல்லை. அந்தச் சுவரை எடுக்கிறவன்தான் மனசில் கட்டிக்கொள்ள வேண்டும்.

இதையெல்லாம் மதிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜேக்கப் ரீஸ் இருக்கிறார். 1880களின் கடைசியில் நியூயார்க்கின் ஒண்டுக்குடித்தனங்களுக்குள் இருட்டில் நுழைந்து, மெக்னீசியப் பொடியைப் பற்றவைத்து, தூங்கியவர்கள் கண்விழிப்பதற்குள் எடுத்தவர். ஒரு முறை பொடி தெறித்து அறைச் சுவரே பற்றிக்கொண்டது. அந்தப் படங்கள் நியூயார்க்கின் வீட்டுச் சட்டங்கள் மாற உதவின என்பதும் உண்மை. ஆனால் அதில் இருக்கும் முகங்களைப் பார்த்தால், சட்டம் மாறியதும் அவர்கள் முதலில் இவரைத்தான் தேடியிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

நேர் எதிர்ப்பக்கம் புரூஸ் டேவிட்சன். 1966 முதல் 1968 வரை கிழக்கு ஹார்லெமின் நூறாம் தெரு ஒன்றிலேயே முக்காலியில் பெரிய கேமராவை நிறுத்தி, கேட்டுக் கேட்டு எடுத்தார், பிரின்ட் கொடுத்தார். எங்கள் மூவருக்கும் பிடித்த படங்கள் இவருடையவைதான். ஆனால் எங்களுக்கு ஆகாது. இரண்டு வருஷம் முழுநேரமாக உட்கார ஆளில்லை. அப்படி உட்கார்ந்தாலும் கிடைப்பது இரண்டு வருஷத்தின் ஆழம், பத்து வருஷத்தின் நீளம் அல்ல.

தம்பியின் கட்சிக்கு வருகிறேன். “அண்ணே, நீங்க எடுத்தா நீங்க பாத்த சந்து. பிள்ளைங்க எடுத்தா அதுங்க இருக்கற சந்து” என்பான். வாதம் சரிதான். அங்கே வாழ்கிறவர்களிடமே கேமரா கொடுப்பது புதிதும் அல்ல. 1990களில் சீனாவின் யுன்னான் கிராமத்துப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, எடுத்ததை வைத்து அவர்களே அதிகாரிகளிடம் பேசும் முறையை கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் என்ற இருவர் உருவாக்கினார்கள். நம் பக்கத்தில் பழனிகுமார் இருக்கிறார். மலக்குழித் தொழிலாளர்களையும் மீனவப் பெண்களையும் வருஷக்கணக்காகப் படமெடுத்தவர், பிள்ளைகளுக்கும் கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். எடுப்பவரும் எடுக்கப்படுபவரும் ஒரே தெருவாக இருந்தால் கேமராவின் உயரமே மாறிவிடுகிறது.

சோதனைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் பழைய போனை நான்கு பிள்ளைகளிடம் கொடுத்தான். சாயங்காலம் திரும்பியபோது அறுநூற்றுச் சொச்சம் படம். முக்கால்வாசி பூனை, நாக்கு நீட்டிய முகம், விஜய் ஃபிளெக்ஸ் முன்னால் செல்ஃபி. மீதியில் ஒன்று என்னைத் தூக்கிவாரிப் போட்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்தது. ஒரு தகரப் பெட்டி, இரண்டு காஸ் சிலிண்டர், அவற்றுக்கு அப்பால் வாசலில் நின்று பேசும் பெரியவர்களின் கால்கள். வெள்ளம் வந்தபோது முதலில் நனைந்த பொருள்கள் எவை என்று எந்த அறிக்கையும் அப்படிச் சொல்லியிருக்காது. ஒன்பது வயதுக்காரி. கேட்டதற்கு, “அங்கதான் நான் படிப்பேன்” என்றாள்.

அதே அறுநூற்றில் ஒரு வீட்டில் நடந்த சண்டையும் இருந்தது. குளித்துத் தலை துவட்டும் அக்காவும் இருந்தாள். ஒரு மூலையில் வியாபாரம் செய்யும் ஒருத்தனின் முகமும் இருந்தது, என்ன வியாபாரம் என்பதை விடுங்கள். அந்தப் படம் வெளியே போனால் அடி வாங்குவது எடுத்த பிள்ளைதான். தம்பியே உட்கார்ந்து அழித்தான். இங்கேதான் நான் தயங்குகிறேன். பிள்ளைகள் கையில் கேமரா கொடுப்பதைச் சமத்துவம் என்று சொல்லிவிடலாம். ஆனால் எதை வைப்பது, எதை அழிப்பது, எங்கே காட்டுவது என்ற முடிவு மறுபடி பெரியவர்கள் கைக்குத்தான் வருகிறது. கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியில் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்ததைப் பற்றிய ஆவணப்படம் 2005இல் ஆஸ்கர் வாங்கியபோதும் இந்தக் கேள்விதான் கிளம்பியது. படத்துக்குப் பேர் கிடைத்தது, பிள்ளைகளுக்கு அதற்கு அப்புறம் என்ன?

நடுவில் ஒரு நான்காம் வழியும் வந்து போனது. வீட்டுத் திட்டங்களுக்கு அறிக்கை தயாரித்துத் தரும் ஓர் அமைப்பு, ‘முன்னால், பின்னால்’ என்று ஜோடி ஜோடியாகப் படம் கேட்டது. காசும் தருவார்கள். தம்பிக்கு ஆசை. நான் கிளாஸ்கோவைச் சொன்னேன். 1868 முதல் 1871 வரை தாமஸ் அன்னான் அங்கத்துக் குறுகிய சந்துகளை எடுத்த படங்கள் இன்றைக்கும் பொக்கிஷம்தான். எடுக்கச் சொன்னது யார்? அந்தச் சந்துகளை இடிப்பதற்காகச் சட்டம் போட்டு அமைத்த நகர மேம்பாட்டு அமைப்பு. படம் நல்ல படம், ஆனால் தீர்ப்பை எழுதிவிட்டு எடுத்த படம். ‘முன்னால்’ இருட்டாகவும் ‘பின்னால்’ பளிச்சென்றும் இருக்க வேண்டும் என்று கேட்பவர் சொல்லாமலே எடுப்பவர் கைக்குத் தெரியும். வேண்டாம் என்றோம். அந்தக் காசில் ஒரு நல்ல முக்காலி வந்திருக்கும் என்று தம்பி இன்னும் குத்திக்காட்டுகிறான்.

கேமராவைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை, ஆனால் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஃபிலிம் வேண்டாம். வெர்காரா பல காலம் எடுத்தது கோடாக்ரோம் ஸ்லைடில். இருட்டில் வைத்தால் நிறம் அசையாமல் நிற்கும் அருமையான ஃபிலிம். 2009இல் கம்பெனி அதை நிறுத்தியது, 2010 கடைசியில் உலகத்தில் அதைக் கழுவிய ஒரே லேபும் நிறுத்திக்கொண்டது. நீளமாக ஓட வேண்டிய வேலையை ஒரு கம்பெனியின் சரக்கில் கட்டினால் இந்தக் கதிதான். எங்கள் மழைக்கு நெகட்டிவில் பூஞ்சை வேறு பிடிக்கும். 2009இல் நானே சந்தின் பழைய கிணற்றை, மூடுவதற்கு முன், இரண்டு ரோல் எடுத்து ஒரு ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன். நீளவாக்கில் கீறலோடு திரும்பி வந்தது. கிணறும் போயிற்று, படமும் போயிற்று.

போனா, பழைய கேமராவா என்றால், சுவருக்குப் பழைய கேமராதான். போன் நல்ல படம் எடுக்காது என்பதால் அல்ல, ரொம்ப நல்ல படம் எடுத்துவிடும் என்பதால். இருட்டு மூலையைத் தானாக வெளுக்கும், வானத்தை நீலமாக்கும், புழுதிச் சுவரைப் பெயின்ட் அடித்த மாதிரி ஆக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு போன் மாறும், ஒவ்வொன்றுக்கும் ஒரு கண், ஒரு நிறம். மாறியது சுவரா போனா என்று பிற்பாடு யாருக்கும் தெரியாது. என் நைக்கானில் ஜூமை 35இல் வைத்து, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். நிற்கும் இடத்துக்கு அடையாளம் கே.எஸ்.இ.பி. கரன்ட் கம்பத்தின் நம்பர், அங்கிருந்து இத்தனை தப்படி, நெஞ்சுயரம். ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். மேற்குப் பார்த்த சுவர்களுக்குச் சாயங்காலம், கிழக்குப் பார்த்தவற்றுக்குக் காலை. மார்கழி, தையில் கணவாய் வழியாகக் கிழக்கத்திக் காற்று அடித்தால் புழுதியில் எதிர்ச்சுவரே தெரியாது. அன்றைக்கும் எடுக்க வேண்டும். புழுதியும் எங்கள் ஊர்தான்.

பாதுகாப்பதுதான் பெரிய வேலை, அங்கேதான் எங்கள் சண்டையும் தீர்ந்தது. 2016இல் என் ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு நின்றுபோனது. வேறு நகல் இல்லை. 2013ஆம் வருஷம் மொத்தமும் போனது, மாவு மில் வரிசையிலும் அந்த வருஷம் இல்லை. போனது போனதுதான் என்று விட்டுவிட்டேன். பாட்டி வீட்டுப் படத்தை டீச்சர் கழற்றி என் கடைக்குக் கொண்டுவந்து ஸ்கேனரில் வைத்தபோதுதான் உறைத்தது. அது 2013. உலகத்தில் அந்தப் படத்தின் ஒரே பிரதி ஆணியில் தொங்கியது. அப்புறம் தம்பி வீடு வீடாகக் கேட்டதில், நான் அந்த வருஷம் சும்மா போட்டுக்கொடுத்த பிரின்ட்டுகள் பதினேழு கிடைத்தன. ரேஷன் கார்டுக்குள், அரிசிப் பானைக்குப் பின்னால், ஒன்று மட்டும் லேமினேஷன் போட்டு. ஒரு கல்யாணப் படத்துக்குப் பின்னால் என் மாவு மில்லும் பாதி தெரிகிறது.

படத்தைத் திருப்பிக் கொடுப்பது மரியாதை என்று டீச்சர் சொல்லிவந்தார், நான் அதைத் தர்மக் கணக்கில்தான் வைத்திருந்தேன். அதுதான் எங்களுடைய உருப்படியான காப்பகமாக இருந்திருக்கிறது. அந்தச் சந்து என் ஹார்ட் டிஸ்க்கைவிடப் பத்திரமாகப் படங்களை வைத்திருந்தது.

ஆக, முடிவு இது. முதுகெலும்பு சுவர்தான். 12 இடம், வருஷத்துக்கு நான்கு நாள்: பொங்கல், விஷு, ஓணம், கல்பாத்தித் தேர். யாருக்கும் மறக்காத நாள்கள். ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் நோட்டைப் பார்த்து இன்னொருவர் எடுத்துவிடலாம். இரண்டு வழிகளையும் சரிபாதியாகக் கலக்கலாம் என்று டீச்சர் கேட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் வழியை ஓட்ட ஆளின் மனசு வேண்டும், பத்து வருஷத்துக்கு என் மனசுக்கு நானே உத்தரவாதம் தர மாட்டேன். சுவருக்கு ஒரு நோட்டும் கம்ப நம்பரும் போதும். ஆனால் அந்த நான்கு நாளும் ‘எங்களை ஒண்ணு எடுங்க’ என்று கூப்பிடுகிற எல்லோரையும், அவர்கள் விரும்புகிறபடி, அவர்கள் கூப்பிடும் ஆட்களோடு எடுப்போம். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத்தான் எடுப்போம். ஆளுக்கு இரண்டு பிரின்ட், வெளுக்காத மையில், என் கடைச் செலவில். பின்னால் தேதி. மூல ஃபைல்கள் என் கடையில் ஒன்று, டீச்சர் வீட்டில் ஒன்று, தம்பியின் அத்தா பீரோவில் ஒன்று. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த தேதியும் போய்விடும் என்பதால் அந்த வழியில் மூலத்தை அனுப்புவதில்லை.

பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒரு நாள், சித்திரை விடுமுறையில். அவர்கள் எடுப்பது அவரவர் பெயர் போட்ட கவரில் அவரவர் வீட்டிலேயே இருக்கும். நாங்கள் நகல் வைத்துக்கொள்ள மாட்டோம். பதினெட்டு வயதானதும் கொடுக்க நினைத்தால் கொடுக்கட்டும். தம்பிக்கு இதில் திருப்தி இல்லை. கட்டிலடிப் படத்தை எங்காவது காட்ட வேண்டும் என்று அவனுக்கும் எனக்கும் ஒரே அரிப்பு. அவள் வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

பொங்கலன்று முதல் சுற்று. காலை ஏழு மணி, முதல் இடம் பழைய மாவு மில். கம்பத்திலிருந்து எட்டுத் தப்படி எண்ணி நின்றால், ஷட்டரின் ‘மல்லி’ப் பக்கத்தை மறைத்துக்கொண்டு ஒரு ஸ்கூட்டர். லாட்டரிக்காரருடையது. நகர்த்தச் சொல்லலாம் என்றேன் நான். “அவரு தினமும் அங்கதான் நிறுத்துவாரு, அண்ணே” என்றான் தம்பி. டீச்சர் ஒன்றும் பேசாமல் நோட்டில் வண்டி நம்பரை எழுத ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அதை அடித்துவிட்டு ‘ஒரு ஸ்கூட்டர்’ என்று மட்டும் எழுதினார். அப்படியே எடுத்தோம். சத்தம் கேட்டு லாட்டரிக்காரர் வெளியே வந்து, “நில்லுங்க, சட்டை போட்டுட்டு வரேன்” என்றார்.